மூன்றாவது ஆள் வேண்டாம்

பாளையங்கோட்டையில் 1987இல் படிப்பை முடித்து வெளியே வந்த, விடுதிக் குழாயடியில் என்னோடு மூன்று வருடம் வாளி வைத்து வரிசை நின்ற தோழிகள் எல்லோருக்கும்,

நம் குரூப்பில் போட்டால் காலை வணக்கப் பூக்களுக்கும் முருங்கைக்கீரை மகிமைக்கும் அடியில் இது அமுங்கிப்போய்விடும். அதனால்தான் பத்திரிகைக்கு எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் இதைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், மீதிப் பேர் அவர்களிடம் ஓசியில் வாங்கிப் படிக்கிறீர்கள். எப்படியும் வந்து சேர்ந்துவிடும்.

விஷயம் இதுதான். நானும் பதினேழாம் நம்பர் அறைக்காரியும் பொங்கல் கழிந்த கையோடு ரயிலேறி கோவா, மும்பை என்று ஒன்பது நாள் சுற்றிவிட்டு வந்தோம். பெயரைப் போடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அறை நம்பரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. “எங்களை ஏன் கூப்பிடல?” என்று 11 பேர் கேட்டுவிட்டீர்கள். இரண்டு பேர் கேட்காமலே முறைத்தீர்கள். கூப்பிட்டிருந்தால் நாங்களும் போயிருக்க மாட்டோம். கூப்பிடாததற்கு அதுதான் காரணம்.

பழைய கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காசிக்குப் போகலாம் என்றோம். ஒருத்திக்கு மகள் பிரசவம். ஒருத்தி வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டாள். ஒருத்திக்கு ஏ.சி. ஆகாது, இன்னொருத்திக்கு ஏ.சி. இல்லாவிட்டால் ஆகாது. சிங்கப்பூர் என்றோம், பாஸ்போர்ட் இருந்தது ஒன்பது பேரிடம். கடைசியில் குற்றாலமாவது போவோம் என்று இறங்கி வந்தோம். பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அதற்கும் தேதி அமையவில்லை. 43 பேருக்கும் தோதான நாள் என்று ஒன்று எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது.

இரண்டு பேர் என்றால் ஒரு போன் போதும். “ஏட்டி, கோவா போவமா?” என்றேன். “சவேரியாரைப் பாக்கணும், வாரேன்” என்றாள். முடிந்தது.

ரயில்வே விதியும் இந்த விஷயத்தில் நம் பக்கம்தான் என்பது டிக்கெட் போட உட்கார்ந்தபோது தெரிந்தது. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறது. 45 வயது ஆன பெண்களுக்கும் 60 ஆன ஆண்களுக்கும் உரியது. ஆனால் தனியாகப் போக வேண்டும், அல்லது அந்த வயதுக்காரர்கள் இரண்டு பேர் ஒரே டிக்கெட்டில் போக வேண்டும். மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீட்டில் எடுக்க முடியாது. அதாவது நீங்கள் மூன்று பேராகப் போனால் யாரோ ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்பர் பெர்த்துக்கு ஏற வேண்டி வரலாம். இரண்டு பேராகப் போனால், இடம் இருக்கிற வரைக்கும், இரண்டு பேருக்கும் லோயர்.

நமக்குச் சேர வேண்டிய இன்னொன்று மட்டும் கை நழுவிப்போனது. பெண்களுக்கு 58 வயதில் பாதிக் கட்டணம் என்று இருந்ததல்லவா? 2020 மார்ச்சில் அது நின்றுவிட்டது. நம் அக்காமார் எல்லாம் அனுபவித்தார்கள். நமக்கு 58 வந்தபோது சலுகை இல்லை.

நாகர்கோவிலிலிருந்து காந்திதாமுக்கு வாரம் ஒரு முறை போகும் வண்டியில் பகலில் ஏறினோம். கேரளம் முழுக்க அந்தியிலும் இருட்டிலும் போனது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வாழையிலையில் இருந்தும், ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பழம்பொரி வாங்கினாள். கேட்டால், இட்லி ராத்திரிக்காம். மறுநாள் மட்காவ் நிலையத்தில் இறங்கி, கதம்பா பஸ்ஸைப் பிடித்து பனாஜி. போர்ச்சுகீசியர் காலத்து வீடுகள் மஞ்சளும் நீலமும் காவியுமாக நெருக்கியடித்து நிற்கும் ஃபோன்டைன்ஹாஸ் பகுதியில் ஹாஸ்டல்.

ஹாஸ்டல் என்றதும் நம் விடுதி ஞாபகம் வந்துவிட வேண்டாம். பெண்களுக்கு மட்டுமான அறை, மூன்று இரண்டடுக்குக் கட்டில், ஆறு பேர். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை, தலைமாட்டில் குட்டி விளக்கு, போன் சார்ஜ் போட ஒரு ப்ளக் பாயின்ட், கட்டிலுக்கு அடியில் சாமான் வைக்கப் பெட்டி. பெட்டிக்குப் பூட்டு நாம்தான் கொண்டுபோக வேண்டும். தெரியாமல் போய், அங்கேயே 150 ரூபாய் கொடுத்து வாங்கினோம். ஆளுக்கு ஓர் இரவு 700 ரூபாய். கீழ்க்கட்டில் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டிருந்தேன். கேட்டது இரண்டு, கிடைத்தது ஒன்று. முதல் ராத்திரி நான் மேலே ஏறினேன். அந்த ஏணியின் படிகள் உருண்டைக் கம்பி. வெறுங்காலோடு மிதித்தால் பாதத்தின் நடுவில் குத்துகிறது. நாலு கம்பி ஏறுவதற்குள் நாலு சாமியைக் கூப்பிட்டேன். எதிர்க்கட்டில் பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் தலையணையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். அவள் கட்டில் எனக்கு.

வாசல் கதவுக்குச் சாவி கிடையாது. நாலு இலக்க எண்ணை அழுத்தினால் திறக்கும். பதினேழாம் நம்பர் அந்த எண்ணைப் பரீட்சைக்குப் பிட்டு எழுதுகிற மாதிரி உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். அன்றைக்கு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பும்போது மணி ஒன்பதரை. தெருமுனையில் இருவரும் ஒரே நேரத்தில் வேகமாக நடக்க ஆரம்பித்தோம். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் மனசுக்குள் ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். ஆறு மணிக்குக் கேட் பூட்டுகிற விடுதியில், வாளியில் பெயின்ட்டால் பெயர் எழுதி, அப்பாவும் அண்ணனும் மட்டும் வரலாம் என்று விசிட்டர் நோட்டில் போட்டோ ஒட்டி வளர்ந்த கால்கள். வாசலில் வந்து அவள் கையை விரித்துப் பார்த்தாள். வியர்வையில் கடைசி எண் அழிந்திருந்தது. ஒன்றிலிருந்து வரிசையாக அழுத்திப் பார்த்ததில் ஆறுக்குத் திறந்தது. உள்ளே யாரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ராத்திரி எல்லாம் கூத்தடிக்கும், தூங்க விடாது என்று பயந்துதான் போனேன். ஒரு பெண் இரண்டு மணிக்கு வந்தாள், உண்மைதான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, போன் வெளிச்சத்தைத் தரையில் காட்டியபடி வந்து படுத்துவிட்டாள். நாம்? நாலரைக்கு அலாரம், அதுவும் முருகன் பாட்டு. பதினேழாம் நம்பர் எழுந்ததும் விரல் பத்துக்கும் சொடக்கு எடுத்தாள். நான் மாத்திரை தேடி பாலித்தீன் பையைக் கிளறினேன். ஆறு பேர் தூங்குகிற அறையில் பாலித்தீன் பைச் சத்தம் எப்படி இருக்கும் தெரியுமா? கூரைத் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி. பிறகு அவள் வீட்டுக்காரருக்கு ஸ்பீக்கரில் போன். இரண்டாம் நாள் காலையில் எங்கள் கட்டில் கம்பியில் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. இங்கிலீஷில், அழகான கையெழுத்தில்: ‘ஆன்ட்டி, ப்ளீஸ், அலாரம்.’ பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்திருந்தது. இங்கிலீஷ் டீச்சராக இருந்த பதினேழாம் நம்பர், பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். இல்லை. அன்றிலிருந்து போனை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் போட்டோம். மாத்திரை துணிப்பைக்கு மாறியது.

சவேரியார் கதைக்கு வருகிறேன். அவள் கோட்டாறுக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். டிசம்பர் 3 திருவிழாவுக்கு ஒரு வருடமாவது நம் விடுதியில் இருந்தாளா? வார்டனிடம் பொய் சொல்லி ஊருக்குப் போய்விடுவாள். சவேரியார் 1542இல் கோவா வந்து, அதே வருடம் நம் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தவர். 1552இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தார். உடலைப் பிறகு கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கோவாவில் பாம் ஜீசஸ் பேராலயத்தில், பூசாத செம்பாறைச் சுவர்களுக்குள், வெள்ளிப் பேழையில் இருக்கிறது. பேழை ஆளுயரத்துக்கும் மேலே, பளிங்கு மேடையின் உச்சியில். பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் கீழே இறக்கிக் காட்டுவார்கள். கடைசியாக 2024 நவம்பரிலிருந்து 2025 ஜனவரி தொடக்கம் வரை. நாங்கள் போனது சாதாரண நாள். கழுத்தை நிமிர்த்தி, கீழே நின்று பார்க்க வேண்டியதுதான்.

அவள் நிமிர்ந்து பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றாள். எனக்குக் கால் கடுத்தது. “பாத்தாச்சுல்லா, வாட்டி, வெயிலுக்கு முன்ன கிளம்புவோம்” என்றேன். தப்பு. சின்ன வயசிலிருந்து மனசில் வைத்திருந்து வந்தவளிடம் சொல்லக் கூடாத வார்த்தை. அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் வேறு சீட். சாப்பாட்டுக் கடையில் அவளுக்கு மட்டும் சொல்லிக்கொண்டாள். 43 பேராகப் போயிருந்தால் அவளுக்கு ஒரு கட்சி, எனக்கு ஒரு கட்சி சேர்ந்து, திரும்பி வந்து குரூப்பே இரண்டாகியிருக்கும். இங்கே கட்சி சேர ஆள் இல்லை. ராத்திரி அவரவர் திரையை இழுத்து மூடிப் படுத்தோம். பத்து மணி வாக்கில் என் திரையின் ஓரம் மெல்ல விலகியது. ஒரு கை மட்டும் உள்ளே வந்தது, கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட். நான் இரண்டு எடுத்தேன். கை போகவில்லை. இன்னும் இரண்டு எடுத்தேன். போய்விட்டது.

மறுநாளிலிருந்து ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். காலை முழுக்க அவரவர் வழி, மத்தியானத்துக்கு மேல் சேர்ந்து. செலவுக்குப் பொதுப் பர்ஸ் ஒன்று, ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு ஆரம்பித்தது. பஸ், ஆட்டோ, டீ எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி சமமாகப் போட வேண்டும். யார் எத்தனை வடை தின்றாள் என்ற கணக்கு கிடையாது. வங்கியில் 31 வருடம் கணக்குப் பார்த்த எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கோவாவிலிருந்து மும்பைக்கு மாண்டவி எக்ஸ்பிரஸ். பகல் வண்டியாகப் பார்த்து எடுத்தோம், கொங்கண் பாதையைத் தூங்கிக் கழித்தால் பாவம். 1998இல் முழுப் பாதையும் திறந்தது. சுமார் 740 கி.மீ., 90க்கும் மேற்பட்ட சுரங்கங்கள், பாலங்கள் இரண்டாயிரத்தை நெருங்கும். நம் பாலக்காட்டு ஸ்ரீதரன் தலைவராக இருந்து கட்டியது. ரத்னகிரிக்குப் பக்கத்தில் பான்வல் பாலத்தில் வண்டி போகும்போது கீழே தென்னை மரங்கள் கொத்தமல்லிக் கட்டு மாதிரி தெரிந்தன. அதைத் தாண்டி, கர்புடே சுரங்கம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். கடுகு டப்பா எங்கே? “மேல் தட்டுல, இடது பக்கம், ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பின்னால…” என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி உள்ளே போய்விட்டது. ஆறரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம். இருட்டு, சக்கரச் சத்தம், ஈரமண் வாசனை. “எல்லோ, எல்லோ” என்று இவள். வெளிச்சத்துக்கு வந்து சிக்னல் கிடைத்தபோது ஒரு மெசேஜ் வந்திருந்தது: ‘கெடச்சிட்டு.’ 34 வருடக் குடித்தனத்தில் அவர் தானாகக் கண்டுபிடித்த முதல் டப்பா என்று சொன்னாள்.

மும்பையில் பட்டது ஒரு அடி. அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்த ஹாஸ்டலில், ராத்திரி பத்தரைக்குப் பையோடு போய் நிற்கிறோம். கவுன்டரில் இருந்த பையன் ஆதாரைப் பார்த்துவிட்டு நெளிந்தான். 18 முதல் 45 வயது வரைதான் அனுமதியாம். பதிவுப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். இவள் சுத்தமான இங்கிலீஷில் கேட்டாள்: “அப்படியானால், தங்கியிருக்கிறவருக்கு 46ஆவது பிறந்த நாள் வந்தால் நடுராத்திரி எழுப்பி வெளியே அனுப்பிவிடுவீர்களா?” அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இடம் தரவில்லை. பணம் திரும்பி வர ஆறு நாளானது.

இந்த ஹாஸ்டல் என்கிற யோசனையே ஒரு வாத்தியாருடையது என்று பிறகு படித்தேன். ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909இல் பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிப்போனபோது இடிமழையில் மாட்டிக்கொண்டு, ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் விரித்துப் படுத்திருக்கிறார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கிற பள்ளிகளை எல்லாம் இப்படித் திறந்துவிட்டால் என்ன என்று அன்று ராத்திரி தோன்றியதாம். 1912இல் ஆல்டெனா ஊர்க் கோட்டையில் நிரந்தரமாக ஒன்று ஆரம்பித்தார். இளைஞர்களுக்கு என்று ஆரம்பித்ததால் வயதுக் கட்டுப்பாடு அங்கங்கே ஒட்டிக்கொண்டது. பவேரியாவில் வெகு காலம் 26 வயதுக்கு மேல் சேர்க்காமல் இருந்து, பின்னால் அவர்களே விட்டுவிட்டார்கள். நம் ஊரில் 2013இல் ஜோத்பூரிலும் ஜெய்ப்பூரிலும் ஜாஸ்டல் என்ற ஹாஸ்டல் நிறுவனம் தொடங்கியதற்குப் பிறகு இந்த மாதிரி இடங்கள் பெருகியிருக்கின்றன. வயது வரம்பு இல்லாதவை நிறைய உண்டு, இருப்பவையும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்னால் போன் போட்டு, “எனக்கு 59, வரலாமா?” என்று நேராகக் கேளுங்கள். உள்ளூர் முகவரி உள்ளவர்களைச் சேர்க்காத இடங்களும் இருக்கின்றன, அதையும் கேளுங்கள். அந்தப் பையனை நான் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். முருகன் பாட்டு அலாரம் அவன் காதுக்கும் எட்டியிருக்கும்.

அந்த ராத்திரி மாட்டுங்காவில் ஒரு பெண்கள் விடுதியில் தினக் கட்டணத்துக்கு இடம் பிடித்தோம். வயதைக் கேட்கவில்லை, சொந்த ஊரைத்தான் கேட்டார்கள். காலையில் இட்லி, வடை, ஃபில்டர் காபி, பேச்சில் பாலக்காடு. அந்த மாட்டுங்கா ஸ்டேஷனில் 2017லிருந்து டிக்கெட் கவுன்டர் முதல் ஸ்டேஷன் மாஸ்டர் வரை எல்லாம் பெண்கள். கவுன்டர் பெண்ணிடம் டிக்கெட் வாங்கும்போது பதினேழாம் நம்பர் தேவையில்லாமல் ஒரு வணக்கம் வைத்தாள். இடம் பிடித்துப்போய் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினோம். அதற்கான தண்டனை திரும்பும் டிக்கெட்டில் கிடைத்தது. உறுதியானதை ரத்து செய்து புதிதாகப் போட்டதில் ஆர்.ஏ.சி.தான் வந்தது.

மும்பை–நாகர்கோவில் எக்ஸ்பிரஸ். புனே, சோலாப்பூர், குண்டக்கல் வழியாக, ஓர் இரவு, ஒரு பகல், மறுபடி ஓர் இரவு. ஆர்.ஏ.சி. என்றால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை ஒன்று, ஆள் இரண்டு, எதிரெதிரே உட்கார வேண்டும். என் பாதம் அவள் மடிக்குப் பக்கத்தில், அவள் பாதம் என் மடிக்குப் பக்கத்தில், நடுவில் ஒரு போர்வை. பத்து மணிக்கு விளக்கை அணைத்தார்கள். சோலாப்பூர் வரை பேசினாள். விடுதியில் மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்து அறை, குரூப்பில் இத்தனை வருடம், ஆனாலும் அன்று அவள் சொன்னதில் ஒன்றுகூட எனக்கு முன்பே தெரியாது. அதை இங்கே எழுதுவதற்கில்லை. விடியற்காலையில் டி.டி.ஆர். வந்து, ஒரு பெர்த் காலியாகியிருக்கிறது, யாராவது ஒருத்தர் போய்ப் படுக்கலாம் என்றார். “நீ போட்டி, நீ போட்டி” என்று இழுப்பாள் என்று எதிர்பார்த்தேன். போர்வையையும் சுருட்டிக்கொண்டு உடனே போய்விட்டாள். சிநேகம் வேறு, முதுகு வேறு.

பயப்படுகிறவர்களுக்கு: ரயிலில் எது என்றாலும் 139. பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறையும் டார்மெட்டரியும் உண்டு, பி.என்.ஆர். எண் வைத்துத்தான் தருவார்கள். பெண்களுக்கு டார்மெட்டரி எல்லா இடத்திலும் இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள். எங்களைப் போல வட்டமாகச் சுற்றி ஏறிய ஊருக்கே திரும்புவதாக இருந்தால் சுற்றுப் பயணச் சீட்டு என்று ஒன்று ரயில்வேயில் இருக்கிறது. எட்டு ஊர்கள் வரை இடையில் இறங்கித் தங்கலாம், கட்டணமும் குறையும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும் என்பதால் நாங்கள் சோம்பல்பட்டு விட்டுவிட்டோம். நம் கூட்டத்தில் விண்ணப்பம் எழுதுவதில் கெட்டிக்காரிகள் இருக்கிறீர்கள்.

அடுத்தது நான் பார்த்து வைத்திருப்பது விவேக் எக்ஸ்பிரஸ். நம் கன்னியாகுமரியிலிருந்து அஸ்ஸாமின் திப்ருகர் வரை, 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று இரவு. பதினேழாம் நம்பர் வரவில்லை, மருமகளுக்கு மாசம் ஆகிவிட்டது. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கும். அதற்கு முன்னால் முதலில் போன் செய்கிறவள் என்னோடு வருகிறாள். இரண்டாவதாகப் போன் செய்கிறவள் கோபித்துக்கொள்ளாமல், மூன்றாவதாகச் செய்கிறவளின் நம்பரை என்னிடம் வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள்,
பதினெட்டாம் நம்பர்